பின்னுக்கு எடுக்கும் லொறி: சாரதியின் கையும் ஊரின் கடமையும்

(யாழ்ப்பாணத்தில் வர்த்தகர்களும் சாரதிகளும் தொழில்நுட்ப மாணவர்களும் கூடிய பொது அவையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



கொள்கலன் ஏற்றிய நீண்ட லொறியைக் களஞ்சிய வாசலுக்குப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கலாம். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடி வந்த சாரதிக்குக் கடைசி இருபது மீற்றர் என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். ஆனால் மதில் இடிவது அந்த இருபது மீற்றரில்தான். வாய்க்கால் மூடி உடைவதும், மின்கம்பி அறுவதும், சைக்கிளில் போன பிள்ளை சில்லுக்குள் அகப்படுவதும் அங்கேதான். லொறி ஓட்டியும் பிறருக்கு ஓட்டப் பழக்கியும் வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த இருபது மீற்றரை ஒரு சாரதியின் கைத்திறமை மட்டும் கடக்க வைக்காது. வாசல் கட்டியவர், வீதி போட்டவர், சாமானை வரவழைத்தவர், பின்னால் நின்று கை காட்டுபவர், அந்த வழியால் போகிறவர் ஆகிய எல்லோருக்கும் அதில் பங்குண்டு. பிழை நடந்தால் சாரதியை மட்டும் பிடித்து ஏசுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அந்தப் பழக்கம் மாறவேண்டும்.

இந்த நீண்ட வாகனங்கள் நம் ஊருக்குள் எப்படி வந்தன என்பதை முதலில் பார்ப்போம். 1905இல் யாழ்ப்பாணத்துக்குத் தென்பகுதியிலிருந்து ரயில் வந்தது. பாரமான சாமான்கள் தண்டவாளத்தில் வந்து நிலையங்களில் இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியும் பின்னர் சிறிய லொறியும் கடைகளுக்குக் கொண்டுபோயின. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவான்கள் ஆட்களையும் மரக்கறிக் கடகங்களையும் ஒன்றாக ஏற்றிச் சென்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியபின் நம் குடாநாட்டின் சீமெந்து வெளியே போனது. 1990இல் அந்தத் தொழிற்சாலை நின்றது. அதே ஆண்டில் ரயிலும் நின்றது. ஏ-9 வீதியும் அடைபட்டது. கொம்படி, ஊரியான், கிளாலி என்று தண்ணீரைக் கடந்து மூட்டைகளைக் கொண்டுவந்த காலம் அதன்பின் வந்தது.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்காகச் சாமான்களை இறக்கி ஏற்றிய வேதனையை இந்த அவையில் இருக்கும் வர்த்தகர்கள் நேரில் அறிவார்கள். 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அரிசிக்கும் மாவுக்கும் கப்பலைப் பார்த்துக் காத்திருந்தோம். 2009இல் போர் முடிந்தபின் ஏ-9 திறந்து, பிறகு அகலமாகவும் திருத்தப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் பூநகரி வழியாகவும் ஒரு வாசல் கிடைத்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. ஆனால் சாமான் போக்குவரத்து அதற்குள் வீதிக்கு மாறிவிட்டது. ஒரு காலத்தில் சீமெந்தை வெளியே அனுப்பிய நாம் இன்று சீமெந்து, மா, சீனி, தரைஓடு, குளிர்சாதனப் பெட்டி, மருந்து எல்லாவற்றையும் லொறியில் வரவழைக்கிறோம். நீண்ட காலம் மூடியும் இடையில் திறந்தும் கிடந்த வீதி முழுதாகத் திறந்ததும் வாகனத்தின் நீளம் ஒரேயடியாகக் கூடியது. ஆனால் வாகனம் வந்து சேரும் இடம் பழைய இடமாகவே இருக்கிறது.

அந்த இடத்தைப் பாருங்கள். பெரியகடை, கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதி, சுன்னாகம் சந்தை, நெல்லியடி, சாவகச்சேரி எல்லாம் மாட்டுவண்டியும் சிறிய லொறியும் வந்துபோன காலத்தில் உருவான கடைத்தெருக்கள். கடை முன்னுக்கு, களஞ்சியம் பின்னுக்கு, இடையில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. இருபக்கமும் மதில். மதிலோடு மின்கம்பம். மதிலுக்கும் தாருக்கும் இடையில் சீமெந்து மூடி போட்ட வாய்க்கால். இந்த ஒழுங்கைக்குள் வரவேண்டிய வாகனத்தின் அளவையும் பாருங்கள். 40 அடிக் கொள்கலன் ஒன்று 12.2 மீற்றர் நீளம், 2.44 மீற்றர் அகலம். இழுக்கும் பிரைம் மூவரையும் சேர்த்தால் வாகனம் ஏறக்குறைய 16 மீற்றர். முழுச் சுமையோடு கொள்கலன் மட்டும் 30 தொன் வரை போகலாம். உயரமான வகைக் கொள்கலன் 2.9 மீற்றர் உயரம். அது ட்ரெயிலரின் மேல் ஏறியதும் தரையிலிருந்து நாலரை மீற்றரைத் தொடும்.

இப்படியான வாகனம் உலகத்துக்கு வந்து நூறு ஆண்டுக்குச் சற்றுக் கூடவே ஆகிறது. 1914இல் அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில், மரவியாபாரி ஒருவர் தன் படகைக் காரோடு பூட்டி இழுக்க ஒரு வண்டி செய்து தரும்படி ஓகஸ்ட் ஃபிருவாஃப் என்ற கொல்லரிடம் கேட்டார். அவர் செய்து கொடுத்த வண்டியிலிருந்து ஒரு பெரிய தொழிலே வளர்ந்தது. 1956 ஏப்ரலில் மல்கம் மக்லீன் என்ற லொறி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் அடுக்கி நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்ரனுக்கு அனுப்பினார். கொள்கலன் வியாபாரம் அங்கிருந்து உலகமெல்லாம் பரவிக் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்தது. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி லொறியில் ஏறி அப்படியே கடை வாசலுக்குப் போய்விடும் என்பதே இந்த ஏற்பாட்டின் பலம். அந்தக் கடை வாசல் அதற்குத் தயாராக இருக்கவேண்டும் என்பதே அதன் நிபந்தனையும். பலத்தை நாம் எடுத்துக்கொண்டோம். நிபந்தனையை மறந்துவிட்டோம்.

இனி வாகனத்துக்கு வருவோம். பிரைம் மூவரின் பின்பக்கத்தில் கிரீஸ் பூசிய வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. ட்ரெயிலரின் முன்பக்கத்து அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் அந்தத் தட்டின் கொழுக்கிக்குள் பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு பின்னைச் சுற்றியே இரண்டு பாகமும் திரும்பும். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போகத் தேவையில்லை. நம் தோட்டங்களில் உழவு இயந்திரத்தோடு பெட்டி பூட்டி ஓடுகிறோம். அதே அமைப்புத்தான். பெட்டியோடு உழவு இயந்திரத்தைப் படலைக்குள் பின்னுக்கு எடுத்துப் பார்த்தவருக்கு இந்தச் சிக்கல் தெரியும். ஸ்ரியறிங்கை வலப்பக்கம் வெட்டினால் பெட்டியின் பின்புறம் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் வெட்டினால் வலப்பக்கம் போகும்.

இந்தத் தலைகீழ்க் கணக்கை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். உண்மையான தொல்லை வேறு. முன்னுக்குப் போகும்போது ட்ரெயிலர் இழுபடுகிறது. சிறு கோணல் இருந்தாலும் இழுவையே அதை நேராக்கிவிடும். பின்னுக்கு வரும்போது ட்ரெயிலர் தள்ளப்படுகிறது. அப்போது ஏற்படும் கோணல் தானாகக் குறையாது. ஒவ்வோர் அடிக்கும் வளரும். சாரதி ஒன்றும் செய்யாமல் ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் வளரும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் முன்சில்லை முழுதாக வெட்டினாலும் மீட்க முடியாது. லொறி மடங்கிவிடும். பிரைம் மூவரின் பின்புறம் கொள்கலனின் மூலையில் இடிக்கும். இரண்டுக்கும் இடையில் ஓடும் காற்றுக்குழாய் அறுந்தால் ட்ரெயிலரின் பிறேக் பிடித்துக்கொண்டு, வாகனம் வீதிக்குக் குறுக்கே கிடந்துவிடும்.

இதில் மாணவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. குட்டையான பெட்டி விரைவாக மடங்கும். நீண்ட ட்ரெயிலர் மெதுவாக மடங்கும். அதனால் பெட்டியோடு உழவு இயந்திரத்தைப் பின்னுக்கு எடுக்கப் பழகிய தோட்டக்காரப் பிள்ளைக்கு லொறியின் பாதி வித்தை ஏற்கெனவே கைவந்திருக்கிறது. ஆனால் நீண்ட ட்ரெயிலர் பிந்தித்தான் பதில் சொல்லும். ஸ்ரியறிங்கை வெட்டியதும் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். புதியவர் பொறுமை இழந்து இன்னும் வெட்டுவார். வெட்டியது முழுவதும் சேர்ந்து ஒரேயடியாக வந்து நிற்கும்போது திருத்த இடமிருக்காது. ஆகவே கொஞ்சமாக வெட்டவேண்டும். வெட்டியதன் பலன் கண்ணாடியில் தெரியும்வரை பொறுக்கவேண்டும். தெரிந்ததும் உடனே திருப்பி எடுக்கவேண்டும். வேகம் ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று உண்டு. கையை ஸ்ரியறிங்கின் அடிப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெயிலரின் பின்புறம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். தலைகீழ்க் கணக்கு மறைந்துவிடும்.

கோணல் கூடிவிட்டால் வெட்கப்படாமல் முன்னுக்கு எடுத்து நேராக்கி மறுபடியும் வரவேண்டும். நல்ல சாரதி எத்தனை தரம் முன்னுக்கு எடுத்தார் என்று யாரும் எண்ணக்கூடாது. ஒரே தரத்தில் எடுத்துக் காட்டுகிறேன் என்ற வீம்புதான் மதிலை இடிக்கிறது. சந்தேகம் வந்தால் கைபிறேக்கைப் போட்டு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். கண்ணாடி காட்டாததைக் கால் நடந்து போய்க் காணும்.

அடுத்தது பக்கம். நம் நாட்டில் வீதியின் இடப்பக்கத்தால் ஓடுகிறோம், சாரதி வலப்பக்கத்தில் இருக்கிறார். வலப்பக்க வாசலுக்குள் பின்னுக்கு எடுத்தால், வளைந்து போகும் ட்ரெயிலரின் பின்மூலையைத் தன் யன்னலாலேயே பார்க்கலாம். இடப்பக்க வாசல் என்றால் கதை வேறு. ட்ரெயிலர் இடப்பக்கம் வளைய வளைய அதன் பின்மூலை கண்ணாடியை விட்டுப் போய்விடும். சாரதி குருட்டுப் பக்கத்தில் எடுக்கிறார். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அங்கே அவர் பார்ப்பது தன் கண்ணால் அல்ல. இன்னொருவரின் சொல்லால்தான் பார்க்கிறார்.

அதனால் வாசலுக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறோம் என்பதைப் பயணத்தின்போதே முடிவெடுக்கவேண்டும். ஏ-9 வழியாக வருகிறவர் கைதடியில் திரும்பிக் கோப்பாய் வழியாக வலிகாமத்துக்குள் போகலாம். நேரே வந்து செம்மணி தாண்டி நகருக்குள்ளும் போகலாம். எந்த வழியால் வந்தால் வாசல் தன் வலப்பக்கத்தில் அமையும் என்று கைதடியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதைச் சொல்லவேண்டியவர் யார்? சாமான் எடுப்பிக்கும் முதலாளி. ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? "சுன்னாகம் வந்து ஒரு கோல் எடுங்கோ" என்ற ஒரு வசனத்தோடு விடயம் முடிந்துவிடுகிறது. முன்பின் காணாத வாசலை, வந்து நின்றபின்தான் அந்த மனிதர் முதன்முதலாகப் பார்க்கிறார். பின்னால் வாகனங்கள் ஹோர்ண் அடிக்கின்றன. வாசல் எந்தப் பக்கம் என்பதை அப்போது மாற்ற முடியாது.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கைத்தொலைபேசியில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து இந்த வேலையைப் பழகுகிறீர்கள். நல்லது. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் சாரதி இடப்பக்கத்தில் இருக்கிறார். அவர்கள் நல்ல பக்கம் என்று சொல்வது இடப்பக்கம். நமக்கு நல்ல பக்கம் வலப்பக்கம். வீடியோவில் கண்டதை அப்படியே செய்தால் குருட்டுப் பக்கத்துக்குள் நீங்களாகவே போய் விழுவீர்கள்.

வாசலுக்கு வருவோம். முதலாளிமார் வழக்கமாக வாசலின் அகலத்தை அளந்துவிட்டு "லொறி போகும்" என்கிறார்கள். கொள்கலன் எட்டடி, வாசல் பன்னிரண்டடி, போகாமல் என்ன என்கிறார்கள். ஆனால் லொறிக்கு இடம் வேண்டியிருப்பது வாசலில் மட்டுமல்ல, வாசலுக்கு எதிரிலும்தான். ட்ரெயிலர் வாசலுக்குள் திரும்பும்போது பிரைம் மூவரின் மூக்கு வீதியின் மறுகரைக்கு வீசிப் போகிறது. எதிர்வீட்டு மதில், மின்கம்பம், நிறுத்தி வைத்த முச்சக்கரவண்டி எல்லாம் அந்த வீச்சுக்குள் இருக்கின்றன. களஞ்சியம் கட்டும் பொறியியலாளர்களின் பொதுவான கணக்கு, வாசலுக்கு முன்னால் லொறியின் நீளத்தைப்போல் இருமடங்கு வெளி வேண்டும் என்பது. 16 மீற்றர் லொறிக்கு 32 மீற்றர். அதன் அரைவாசி அகலம் வைத்தாலும் நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு பரப்புக் காணி. கஸ்தூரியார் வீதியில் இரண்டு பரப்பைச் சும்மா விட யாரால் முடியும்? ஆகவே அங்கே முழு நீளக் கொள்கலனை வரவழைப்பதே பிழை என்று நான் துணிந்து சொல்கிறேன்.

இடமுள்ளவர்களுக்குச் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. மதிலை வீதிக்கரையிலேயே கட்டாமல் வாசலை உள்ளே தள்ளி வையுங்கள். வாசலின் இரு மூலைகளையும் நேராக முடிக்காமல் சரித்து விரியுங்கள். ஏற்றுமேடை கட்டுவதாயின் அதை வீதிக்கு நேர்செங்கோணமாக வைக்காமல் சற்றுச் சரித்து வைத்தால் லொறிக்குத் தேவையான வெளி குறையும். மேடையின் உயரம் ஏறக்குறைய 1.2 மீற்றர். ட்ரெயிலரின் தளம் அதற்குச் சற்று மேலே வரும். இடைவெளிக்கு இரும்புப் பலகை போடலாம். மேடையின் விளிம்பில் தடித்த இறப்பர் பதித்தால் லொறி வந்து தொடும் அடி சுவருக்குப் போகாது. மேடை இருந்தால் தள்ளுவண்டியால் சாமான் உருண்டு வரும். மேடை இல்லாத இடத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் நெஞ்சளவு உயரத்திலிருந்து 50 கிலோ மூட்டையை முதுகில் வாங்கி வாங்கி நாளைக் கழிக்கிறார்கள். நம் குடாநாட்டில் பெரும்பாலான இடங்களில் இன்றும் இதுதான் நிலை. ஒரு மேடை கட்டும் செலவை அந்த முதுகுகளின் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சின்ன விடயம். கொள்கலனின் கதவுகள் வெளிப்பக்கம் திறந்து, சுற்றிப்போய்ப் பெட்டியின் பக்கங்களோடு ஒட்டி நிற்பவை. மேடையோடு ஒட்டியபின் அவற்றைத் திறக்க முடியாது. மேடைக்குச் சில மீற்றர் முன்னாலேயே நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்து கொழுவிவிட்டுத்தான் மிச்சத் தூரம் வரவேண்டும். சாமான் சரிந்து கதவோடு சாய்ந்திருந்தால் திறக்கும்போது விழும். அந்த நேரத்தில் கதவுக்கு நேரே ஒருவரும் நிற்கக்கூடாது.

மேலேயும் கீழேயும் பார்க்கவேண்டும். நாலரை மீற்றர் உயரமான வாகனம் வரும்போது வீட்டுக்கு இழுத்த மின்கம்பி, தொலைக்காட்சிக் கேபிள், வேப்பங்கொப்பு, திருவிழாத் தோரணம் எல்லாம் தடை. முன்னுக்குப் போகும் சாரதி அவற்றைக் காண்பார். பின்னுக்கு வருபவர் ட்ரெயிலரின் பின் உச்சியைக் காணவே மாட்டார். கீழே வாய்க்கால் மூடி இருக்கிறது. ஆள் நடப்பதற்கென்று போட்ட மூடியின் மேல் 30 தொன் பாரத்தோடு பின்சில்லு ஏறினால் அது உடையும். சில்லு வாய்க்காலுக்குள் இறங்கினால் கொள்கலன் சாயும். மாரி காலத்தில் தாருக்கு வெளியே செம்மண் இளகிவிடும். கார்த்திகை, மார்கழியில் வீதியோரத்தை நம்பிச் சில்லை இறக்காதீர்கள்.

இப்போது பின்னால் நிற்பவர். நம் ஊரில் லொறி ஒன்று பின்னுக்கு வரத் தொடங்கினால் பத்துப்பேர் கூடிவிடுவார்கள். நல்ல மனம்தான். ஒருவர் "வா, வா, வரட்டும்" என்பார். இன்னொருவர் "அண்ணை, வலப்பக்கம் வெட்டுங்கோ" என்பார். மூன்றாமவர் பெட்டியில் படபடவென்று தட்டுவார். நில் என்பதற்கும் வா என்பதற்கும் அந்தத் தட்டலில் வித்தியாசம் தெரியாது. சாரதி யாரைக் கேட்பார்? தேர் இழுக்கும்போது நாம் இப்படிச் செய்வதில்லை. வடத்தை ஊரே பிடிக்கிறது. ஆனால் சறுக்குக்கட்டை போடுகிறவரின் கைக்குத்தான் தேர் நிற்கிறது, திரும்புகிறது. வடம் பிடித்த ஆயிரம் பேரும் அந்த ஒரு கைக்குக் கட்டுப்படுகிறார்கள். அந்த ஒழுங்கை நாம் கோயில் வீதியில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறோம். கடைவீதியிலும் அதுவே வேண்டும்.

கை காட்டுபவர் ஒருவர்தான். அவர் கிளீனராக இருக்கட்டும், கடை ஆளாக இருக்கட்டும். தொடங்குமுன் இருவரும் சைகைகளைப் பேசிக்கொள்ளவேண்டும். அவர் லொறிக்கு நேர்பின்னால், சுவருக்கும் ட்ரெயிலருக்கும் இடையில் ஒருபோதும் நிற்கக்கூடாது. சாரதியின் கண்ணாடியில் தெரியும் பக்கத்தில் நிற்கவேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த கணமே லொறி நிற்கவேண்டும். மற்றவர்கள் ஒரு சொல்லை மட்டும் வைத்திருக்கலாம். ஆபத்தைக் கண்டால் யாரும் "நில்" என்று கத்தலாம். யார் கத்தினாலும் சாரதி நிறுத்தவேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று பிறகு பேசலாம்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். யாழ்ப்பாணம் சைக்கிள் ஊர். காலையில் பள்ளிக்கூடத்துக்கும் பின்னேரம் ரியூசனுக்கும் நம் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் போகிறார்கள். லொறி பின்னுக்கு வருவதைக் கண்டால் காத்திருக்காமல் இடைவெளியால் புகுந்து போகப் பார்ப்பார்கள். "சாரதியைக் கண்ணால் காணமுடியாத இடத்தில் நீ நின்றால், அவராலும் உன்னைக் காணமுடியாது." இந்த ஒரு பாடத்தை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் காலைப் பிரார்த்தனை நேரத்தில் சொல்லிக்கொடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்கிறேன்.

சாரதியின் உடல்நிலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொழும்பில் பின்னேரம் ஏற்றி, இரவு முழுவதும் ஓடி, விடியும்போது இங்கே வருகிறார். பயணத்தின் மிகக் கடினமான வேலை அவருடைய மிகக் களைத்த நேரத்தில் வருகிறது. அந்த நேரத்திலேயே பள்ளிக்கூடப் போக்குவரத்தும் தொடங்குகிறது. வந்ததும் "கெதியாய் எடு, அடுத்த லொறி நிற்குது" என்று அவரை அவசரப்படுத்துகிறோம். முகம் கழுவ ஒரு தண்ணீர்க்குழாயும், ஒரு மலசலகூடமும், ஒரு தேநீரும், அரைமணி நேர ஓய்வும் கொடுத்தால் அவருடைய கண்ணும் கையும் மீண்டும் தெளியும். இடிந்த மதிலைக் கட்டுவதைவிட இது மிகவும் மலிவு.

பயிற்சிக்கும் வழி செய்யவேண்டும். இலங்கையில் ட்ரெயிலர் பூட்டிய கனரக லொறி ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 'சீஈ' என்ற தனி வகுப்பு உண்டு. ஆனால் அனுமதிப்பத்திரம் வந்தபின்தான் பலர் உண்மையில் பழகத் தொடங்குகிறார்கள், அதுவும் வீதியில், சுமையோடு. கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 2017 ஜூலையிலிருந்து இந்த வகை லொறிக்குப் பரீட்சை எடுக்குமுன் குறைந்தது 103.5 மணிநேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ரொறன்ரோவில் லொறி ஓட்டும் நம் பிள்ளைகள் அந்தப் பயிற்சியைப் பற்றி உங்களுக்கே சொல்லியிருப்பார்கள். ஒரு மைதானமும், நாலு வெறும் பீப்பாவும், சுமையில்லாத ஒரு பழைய ட்ரெயிலரும் இருந்தால் நம் இளைஞர்களுக்கு இங்கேயே அதைக் கொடுக்கலாம். புலம்பெயர்ந்த நண்பர்கள் கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் தாராளமாகத் தருகிறார்கள். இதற்கும் தரவேண்டும். லொறி ஓட்டுகிறவர்கள் விடுமுறையில் வரும்போது இரண்டு நாள் மைதானத்துக்கு வந்து தங்கள் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தால் அது பணத்தைவிடப் பெரிய கொடை. அவர்கள் இடப்பக்க ஆசனத்தில் பழகியதை நாம் வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்வோம்.

நிறைவாக, ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

வர்த்தகர்களே, நகருக்குள் இருக்கும் கடைக்கு முழு நீளக் கொள்கலனை வரவழைக்காதீர்கள். நகருக்கு வெளியே, ஏ-9 வழியில், நாவற்குழிப் பக்கம்போல் இடமுள்ள இடத்தில் சிலர் சேர்ந்து ஒரு பொது இறக்குமுற்றம் அமையுங்கள். அங்கே இறக்கிச் சிறிய லொறிகளில் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு தரம் கூடுதலாக ஏற்றி இறக்கும் கூலி வரும். அந்தக் கூலி நம் ஊரின் தொழிலாளருக்கும் கன்டர் லொறி வைத்திருக்கும் இளைஞருக்கும்தான் போகும். கொள்கலன் வந்தே ஆகவேண்டிய வாசல் என்றால், அதன் படத்தையும் வரவேண்டிய திசையையும் லொறி கொழும்பை விடுமுன் சாரதிக்கு அனுப்புங்கள்.

மாநகர சபையிலும் நகர சபைகளிலும் பிரதேச சபைகளிலும் பொறுப்பில் இருப்பவர்களே, களஞ்சியத்துக்குக் கட்டட அனுமதி கேட்டு வரைபடம் வந்தால், "லொறி எப்படித் திரும்பும், காட்டுங்கள்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். காட்ட முடியாத வரைபடத்துக்குக் கையெழுத்திடாதீர்கள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கடைவீதிகளில் நீண்ட லொறியைப் பின்னுக்கு எடுக்கத் தடை போடுங்கள்.

சாரதி நண்பர்களே, இடமில்லாத இடத்தில் "முடியாது" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதைச் சொல்வதால் உங்கள் தொழில்மானம் குறையாது. இறங்கிப் பாருங்கள், முன்னுக்கு எடுத்துத் திருத்துங்கள், கை காட்டுபவர் மறைந்தால் நில்லுங்கள்.

பொதுமக்களே, வீதியில் ஒரு லொறி பின்னுக்கு வந்தால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஹோர்ண் அடிக்காதீர்கள், இடைவெளியால் புகாதீர்கள், உங்கள் பிள்ளையையும் நிற்கப் பழக்குங்கள். நம் சமையலறைக்கு வரும் மாவும் சீனியும் அந்த லொறியில்தான் வருகின்றன. அதைக் கொண்டுவந்தவர் பிழையில்லாமல் இறக்கிவிட்டு, தன் வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பிப் போக இடம் கொடுப்பது இந்த ஊரின் கடமை. அந்தக் கடமையை இன்றே தொடங்குவோம்.